கோழி பிஸ்கட் ஜோடி

தாப்பா,
3 ஜூலை 2025

கார்மென்,

“அன்புள்ள” என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. பெயர் மட்டும் போதும்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால்தான் இந்தக் காகிதம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வருகைத் தாள்களை ஈப்போவுக்கு, காலேஜுக்கு ஏற்றிப் போகிற வேன் ஓட்டுநர் தீபன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். “என்னம்மா, காதல் கடுதாசியா?” என்று கேட்டார். “சண்டைக் கடுதாசிண்ணே” என்றேன். “அப்ப கண்டிப்பா சேத்துடணும்லா” என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் எழுதினால் அவரிடமே கொடு.

நம் சண்டையை நீ உன் பக்கத்திலிருந்து மட்டும் சொல்லித் திரிகிறாயாம். என் பக்கத்தையும் கேள். நர்சிங் லேபில் இருக்கிற அந்தக் கணினி விளையாட்டை ஜோடி ஜோடியாகத்தான் ஆட வேண்டும். திரையில் நோயாளி படுத்திருப்பார். ஒருத்தி அவரிடம் பேச வேண்டியதைத் தேர்ந்தெடுப்பாள். இன்னொருத்தி கை கழுவுவாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், மருந்து கொடுப்பாள். நான் வாய், நீ கை. ஒரு வருஷமாக நாம்தான் முதலிடம். கடைசி ஆட்டத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். நான் “வணக்கம் அங்கிள், எப்படி இருக்கீங்க?” என்பதை அமுக்கினேன். “உங்கள் பெயர் என்ன?” என்பதை அமுக்கவில்லை. பெரியவரைப் பார்த்ததும் முகத்துக்கு நேராக உன் பேர் என்ன என்று நம் வீடுகளில் யாராவது கேட்பார்களா? எங்கள் பீடோர் பக்கம் கேட்டால் முதுகில் ஒன்று விழும். அந்த இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியுமா? ஆள் அடையாளம் பார்க்காமல் மருந்து கொடுத்தோம் என்று சொல்லி நம்மை ஆறாம் இடத்துக்குத் தள்ளிவிட்டது.

அதற்கு நீ வகுப்பே கேட்க, “இது கல்யாண வீடில்ல, வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்க” என்றாய். நானும் சும்மா இருக்கவில்லை, உன்னைச் சாவி கொடுத்த பொம்மை என்றேன். ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது. மறு வாரமே என்னைத் தாப்பாவுக்கு வெளியே இந்த முதியோர் இல்லத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், உன்னை ஈப்போவிலேயே ஒரு வார்டில் வைத்துக்கொண்டார்கள். அதுவும் போகட்டும்.

நேற்று போனில் மதிப்பெண் பலகையைத் திறந்தேன். முதலிடம்: கோழி பிஸ்கட். கார்மென், ட்ரேசி.

என் இடத்தில் அவளை உட்கார வைத்தாய், சரி. அணியின் பெயரையுமா தூக்கிக் கொடுப்பாய்? அது பீடோர் பிஸ்கட், கார்மென். ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போய் வரும்போதும் என் அம்மா உனக்கென்று வாங்கிக் கொடுத்துவிட்ட பிஸ்கட். ட்ரேசிக்கும் பீடோருக்கும் என்ன சம்பந்தம்? பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பீடோரைக் கடந்து போயிருப்பாள், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டைப் பற்றி ஒவ்வொருவரும் கருத்து எழுத வேண்டும் என்று கலாதேவி மிஸ் சொன்னாரே, நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். “விரல் வேகமாக ஓடுகிறவர்களுக்கு நல்ல விளையாட்டு.” உன்னை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

தினேஸ்வரி


ஈப்போ,
6 ஜூலை 2025

தினேஷ்,

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். என் தமிழ் சர்ச்சில் கற்ற தமிழ். உன்னைப் போல் சுற்றி வளைக்கத் தெரியாது.

பிளாக் பண்ணியது நீ அனுப்பிய குரல் பதிவுகளால். ஒவ்வொன்றும் ஃபாதர் பிரசங்கம் நீளம். எல்லாவற்றிலும் அழுகை. நான் பஸ்ஸில் வைத்து எப்படிக் கேட்பது?

கோழி பிஸ்கட் என் பெயரும்தான். வாங்கியது உன் அம்மா, தின்றது நான். மாற்ற மாட்டேன்.

ட்ரேசி நன்றாக ஆடுகிறாள். பெயர் கேட்பாள், அடையாள அட்டையின் ஐசி நம்பர் கேட்பாள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்பாள். அப்புறம்தான் மாத்திரை. ஒரு பட்டனையும் விட மாட்டாள். உனக்கு எரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எனக்கு எரிவதையும் கேட்டுக்கொள். போன மாதம் நாம் இரண்டு பேரும் போன அதே வார்டில்தான் இப்போதும் இருக்கிறேன். மூன்றாம் கட்டிலில் ஒரு ஆன்ட்டி திரும்பவும் வந்து சேர்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், “அந்த பீடோர் நர்ஸ் மிஸ்ஸி வரலையா?” என்று கேட்டாள். உனக்கென்று ஒரு கொய்யாப்பழம் எடுத்து வைத்திருந்தாள். பழம் கனிந்து, வாசம் அடித்து, ஈ வந்துவிட்டது. “அவ வந்தா குடுப்பேன்” என்றாள். அவளுக்குத் தினமும் கட்டு மாற்றுவது நான். எனக்கு ஒரு துண்டுகூட இல்லை.

வீட்டுக்கு வந்தால் என் அம்மா. “தினேஷ் எப்ப வாரா? தோசை மாவு ஆட்டணும்.” என் வீட்டில், என் அம்மா! எனக்கு மாவு ஆட்டுவதாக ஒரு நாள்கூட சொன்னதில்லை.

வார்டில் உன்னைவிட நான் மேலே வந்ததே இல்லை. அந்தத் திரையில் மட்டும்தான் வந்தேன். அதையும் நீ ஒரு வணக்கம் சொல்லிக் கெடுத்தாய். அதனால்தான் அன்றைக்குக் கத்தினேன்.

என் கருத்து: “இங்கே தப்பு செய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனால் எனக்குக் கை நடுங்குவதில்லை.” இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கார்மென்


தாப்பா,
10 ஜூலை 2025

கார்மென்,

கொய்யாப்பழக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள். இல்லை, மன்னிக்கவே வேண்டாம், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இங்கே திரை இல்லை, பட்டன் இல்லை. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடமாம், இப்போது சுற்றிலும் செம்பனை. நடுவில் நீளமான ஒரு கட்டடம், ரப்பர் பால் வெட்டிய கைகளோடு முப்பது நாற்பது பெரியவர்கள். எல்லாரும் எனக்கு அங்கிள், ஆன்ட்டி. இருளாயி ஆன்ட்டி என் கையால்தான் இன்சுலின் போட்டுக்கொள்வேன் என்று அடம் பிடிக்கிறார். சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் போடுகிறேன். மேட்ரன் என்னைப் பார்த்து, “நீ பேசினாலே பாதி நோவு போயிடுது” என்றார். இந்த வாக்கியத்தை உனக்காகவே கோடு போட்டு எழுதுகிறேன். உன் பலகையில் இதற்கு எத்தனை மதிப்பெண்?

ஒன்று கேட்கிறேன். ட்ரேசி உன்னோடு பஸ் நிறுத்தம் வரை நடக்கிறாளா? டப்பாவில் கடைசியாக ஒரு பிஸ்கட் மிஞ்சினால் பாதி பாதியாக உடைக்கிறாளா, முழுதாகத் தின்றுவிடுகிறாளா? பதில் எழுத வேண்டாம். எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

இறுதி ஆண்டுக்கு ஜோடிப் பெயர் கொடுக்க ஆகஸ்ட் எட்டாம் தேதி கடைசி நாள். அதற்கப்புறம் வருஷம் முழுக்க வார்டிலும் லேபிலும் அதே ஜோடிதான், மாற்ற முடியாது. இரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னால்தான் செல்லும். நான் இன்னும் யாரையும் சொல்லவில்லை. உன் பெயரைச் சொல்லி, நீ ட்ரேசி பெயரைச் சொல்லிவிட்டால், நான் அந்தக் காலேஜ் வாசலை மிதிப்பது எப்படி?

தினேஸ்வரி


ஈப்போ,
20 ஜூலை 2025

தினேஷ்,

போன ஞாயிறு எழுதவில்லை. கோபத்தில் இருந்தேன், உன் மேலும் என் மேலும்.

டொமினிக் அங்கிளை உனக்குத் தெரியும். புந்தோங்கில் எங்கள் தெருக்கோடி வீடு. என் ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தியவர், என் ஞானத்தகப்பன். நெஞ்சு வலி என்று எங்கள் வார்டில் சேர்த்தார்கள். மருந்து கொடுக்க நான் போனேன். சிஸ்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விதியை மீறக் கூடாது. “உங்க முழுப் பேரு என்ன? ஐசி நம்பர் என்ன?” என்றேன். விளையாட்டில் வருகிற அதே குரலில்.

அவர் என்னையே பார்த்தார். “என்னம்மா, என்னைத் தெரியலையா?” என்றார். நான் திரும்பவும் அதையே கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மாத்திரையை வாங்கவில்லை. சிஸ்டர் என் குறிப்பில் “மிக நன்று” என்று எழுதினாள். சாயங்காலம் என் அம்மா போய்க் கெஞ்சின பிறகுதான் வாயைத் திறந்தார்.

நீயாக இருந்தால் அவர் சிரித்துக்கொண்டே விழுங்கியிருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சரியாகச் செய்தும் அப்படி, நீ தப்பாகச் செய்தாலும் இப்படி.

ட்ரேசி ஜோடி கேட்டுவிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பிஸ்கட்டை முழுதாகத்தான் தின்கிறாள்.

கார்மென்


தாப்பா,
24 ஜூலை 2025

கார்மென்,

இதை ட்ரேசியிடம் காட்டாதே. முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நீ திட்டினால் தாங்குவேன், அவள் சிரித்தால் தாங்க மாட்டேன்.

திங்கட்கிழமை நான் விடுப்பில் இருந்தபோது புதிதாக இரண்டு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சன்னாசி, கார்த்திகேசு. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், தலைமாட்டில் பெயர் அட்டை. சன்னாசிக்கு விசிறிக் காற்று ஆகாதாம். கார்த்திகேசுக்குப் புழுக்கம் ஆகாதாம். இரண்டு பேரும் தாங்களாகவே கட்டிலை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சிஸ்டரோடு மருந்து கொடுத்துக்கொண்டு போனேன். சிஸ்டரை போனுக்குக் கூப்பிட்டார்கள். “நான் வர்ற வரைக்கும் நில்லு” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். என் கையில் சன்னாசியின் இனிப்பு நீர் மாத்திரை, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கிறது. அட்டையைப் பார்த்தேன், ஆளைப் பார்த்துச் சிரித்தேன். “சன்னாசி அங்கிள்தானே? மாத்திரை போட்டுக்கலாமா?”

“ஆமாம்மா” என்றார். வாயைத் திறந்தார். கொடுத்துவிட்டேன்.

அவர் கார்த்திகேசு. இனிப்பு நீரே இல்லாத மனிதர். காலையில் பசியில்லை என்று பசியாறவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, என்னை யாரோ என்று பார்த்தார். சிஸ்டர் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்து, சீனி நிறையப் போட்ட மிலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். டாக்டர் வந்தார். மறுநாள் வரை விரல் குத்திக் குத்திப் பார்த்தோம். பிழைத்துக்கொண்டார் கார்மென், நன்றாக இருக்கிறார், இப்போது ரொட்டி சானாய் கேட்கிறார்.

அவர் தேறிய பிறகு அழுதுகொண்டே கேட்டேன், ஏன் அங்கிள் ஆமான்னு சொன்னீங்க? அவர் சொன்னது: “நீ அம்புட்டு ஆசையா கேட்டேம்மா. இல்லன்னு சொன்னா உன் மொகம் சுருங்கிடுமேன்னுதான்.”

திரையில் இருக்கிற அங்கிள் இப்படிச் சொல்வாரா? நான் வந்த முதல் நாளிலிருந்து இந்த இல்லத்தில் எல்லாரிடமும் இப்படித்தான் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர் என் முகத்துக்காக ஆமாம் சொன்னார்களோ. வலி இல்லையே என்று கேட்டதற்கு எத்தனை பேர் இல்லைம்மா என்றார்களோ.

மேட்ரன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தினேஸ்வரி


ஈப்போ,
27 ஜூலை 2025

தினேஷ்,

சிரிக்கவில்லை. ட்ரேசிக்குத் தெரியாது.

உன் கடிதத்தை வார்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். முதலில் அவர் பிழைத்துக்கொண்ட வரியைத் தேடிப் படித்தேன். அடுத்து வந்தது என்ன தெரியுமா? பொறாமை. என் முகம் சுருங்குமே என்று யாரும் எனக்காகப் பொய் சொல்ல மாட்டார்கள். இப்படியும் ஒருத்திக்குப் பொறாமை வருமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வந்தது, அதனால் எழுதுகிறேன்.

கலாதேவி மிஸ்ஸிடம் என் கருத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு எழுதிக் கொடுத்தேன். “இந்த விளையாட்டில் நோயாளிகள் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறார்கள். எங்கள் ஆட்கள் மிஸ்ஸி மனசு நோகக் கூடாது என்று எதற்கும் ஆமாம் சொல்வார்கள். அப்படி ஒருவரையும் திரையில் படுக்க வையுங்கள்.” உன் பெயர், இடம் எதுவும் எழுதவில்லை.

திரை நோயாளிகளை எழுதுவது மிஸ்தானே, அன்றைக்கே அப்படி ஒரு புது நோயாளியைச் சேர்த்துவிட்டார். நேற்று ஆடினோம். பெயர் கேட்கிற பட்டனுக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது, ட்ரேசி வேகத்தில் அந்த “நீங்க இன்னார்தானே?” என்பதை அமுக்கினாள். அவர், “ஆமாம்மா” என்றார். அவ்வளவுதான், கோழி பிஸ்கட் கடைசி இடம். எனக்கு முன்கூட்டியே தெரியும். அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்க மாட்டாய்.

கார்மென்


தாப்பா,
31 ஜூலை 2025

கார்மென்,

பினாங்குக்கு நீ போகிறாயாமே? தீபன் அண்ணன் சொன்னார். “உன் கூட்டாளி பெரிய ஆளாயிட்டா லா! அங்க ஒரு கூட்டமாம், மத்த காலேஜெல்லாம் வருதாம், மாணவருங்க கருத்தப் பத்தி அந்தப் பொண்ணுதான் பேசப் போவுது.” அந்த மனிதருக்கு எவ்வளவு சந்தோஷம்! எனக்குக் காது அடைத்துவிட்டது.

நீ எழுதிய கடிதத்தில் இது இல்லையே. ட்ரேசி தோற்றது இருக்கிறது, மிஸ் பாராட்டியது இல்லை. கார்த்திகேசு அங்கிள் வேர்த்துக் கிடந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாமியை வேண்டினது நான். அந்தக் கதையை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கப் போவது நீயா? முதலில் என் இடத்தைக் கொடுத்தாய், அப்புறம் பெயரைக் கொடுத்தாய், இப்போது நான் செய்த தப்பைக்கூட எனக்கு விட்டு வைக்கவில்லை.

இங்கே ஒன்று மாற்றியிருக்கிறேன். இப்போது கட்டில் பக்கத்தில் போனதும் முதலில் என் பேரைச் சொல்கிறேன். “நான் தினேஸ்வரி, பீடோர் சுப்பையா மக. உங்க பேரு என்ன அங்கிள்?” அவரவர் தங்கள் பேரோடு அப்பா பேர், தோட்டத்துப் பேர் எல்லாம் சேர்த்துச் சொல்கிறார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்றிருந்தேன். இதையும் எடுத்துக்கொண்டு பினாங்கு போ.

தினேஸ்வரி


ஈப்போ,
3 ஆகஸ்ட் 2025

தினேஷ்,

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்ததும் மிஸ் அறைக்குப் போனேன். பினாங்கை மறைத்தேன், உண்மைதான். உன்னைவிட ஒரு படி மேலே நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவு நன்றாக இல்லை.

“மிஸ், அந்தக் கதை என்னோடது இல்ல. அதுல பாதிதான் என்கிட்ட இருக்கு” என்றேன். “மீதி யாரோடது?” என்று கேட்டார். நான் பேர் சொல்லவில்லை. மிஸ் சிரித்தார். மேட்ரன் அன்றைக்கே போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். “எனக்குத் தெரியும். ஆனா அவளா வந்து சொன்னாத்தான் மேடையில சொல்ல முடியும். அது அவ இஷ்டம்” என்றார். நீ வராவிட்டால் நானும் போக மாட்டேன். கேட்டு அடம் பிடித்த பாதி என்னிடம் இருக்கிறது, கேட்காமல் விட்ட பாதி உன்னிடம். ஒன்றை மட்டும் சொன்னால் கேட்கிறவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

இன்று பூசைக்குப் பிறகு டொமினிக் அங்கிள் வீட்டுக்குப் போனேன். நீ எழுதினபடி செய்து பார்த்தேன். “நான் கார்மென் ரோஸ்மேரி, கத்தரின் மக. உங்க பேரு என்ன?” என்றேன். முறைத்தார். அப்புறம் எழுந்து நின்று, “டொமினிக் சவரிமுத்து அந்தோணிசாமி” என்று சர்ச்சே கேட்கிற குரலில் சொன்னார். ஐசி நம்பரையும் கேட்காமலே ஒப்பித்தார்.

ட்ரேசி என்னோடு பேசுவதில்லை. அந்தப் பொறியை நான் சொல்லாமல் விட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நம் வகுப்புக் கிளெனோடு சேர்ந்துவிட்டாள். அணிக்குக் கொறிக்கிற கடலையின் பெயர், கச்சாங் பூத்தே. நேற்று ஆடி முதலிடம் வந்துவிட்டார்கள். ஆமாம் சொல்கிற அந்த நோயாளியிடம்கூடத் தோற்கவில்லை.

நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். எட்டாம் தேதி வரை காத்திருக்கவில்லை. நீ வேறு யார் பெயரைச் சொன்னாலும் இந்த வருஷம் நான் தனியாகத்தான் ஆடுவேன்.

லேப் கதவில் நிற்பேன். வந்தால் பேர் கேட்பேன். முழுதாகச் சொல்ல வேண்டும்.

கார்மென்


தாப்பா,
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கார்மென்,

காலையில் மிஸ்ஸுக்கு போன் செய்தேன். நடந்தது எல்லாவற்றையும் என் வாயால் சொன்னேன். பினாங்குக்கு இரண்டு பேரும் போகிறோம். பேசும்போது நான் முதலில், நீ அப்புறம். இதில் வாதாட வேண்டாம்.

கார்த்திகேசு அங்கிளிடமும் அனுமதி கேட்டேன். “என் பேரையும் சொல்லு, எனக்கென்ன வெக்கம்” என்றார். ஆசையாக ஆமாம் போட்டுவிடுகிறாரோ என்று பயந்து மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். “இந்தப் பொண்ணு ஏன் இப்படி ஆயிட்டா?” என்று சன்னாசி அங்கிளிடம் முறையிட்டார்.

ஜோடிப் பெயர் கேட்டதற்கு, கார்மென் ரோஸ்மேரி, கத்தரின் மகள் என்று சொன்னேன். மிஸ் உன் ஐசி நம்பரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரியும்.

சனிக்கிழமை வருகிறேன். கதவில் நின்று கேள், சொல்கிறேன். ஆனால் முதலில் உன் பேரை நீ சொல்ல வேண்டும், நான் பழக்கிய முறை அதுதான். வார்டு ஆன்ட்டி இன்னும் அங்கேயே இருந்தால் அந்தக் கொய்யாவுக்குப் பதில் வேறு ஒன்று கேட்டு வாங்கி உனக்கே கொடுத்துவிடுகிறேன். உன் அம்மாவிடம் மாவு ஆட்டச் சொல்.

இனிமேல் பிளாக்கை எடுத்துவிடு. பலகையைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கச்சாங் பூத்தே முதலிடம், அதுவும் நம்முடைய நோயாளியை வைத்து! உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும். அவர்களை எப்படிக் கீழே இறக்குவது என்று பேச வேண்டும், அதற்குக் காகிதம் போதாது.

அம்மா இரண்டு டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டிருக்கிறார். ட்ரேசிக்கும் ஒரு பிஸ்கட் கொடுக்கலாம், உடைந்ததாகப் பார்த்து.

உன்
தினேஷ்